பீச்சாங்கைக்கு வந்த மரியாதை

அறுபது வயதுக்கு மேல் என் இடது கை சந்தேஷ் என்கிற வங்காள இனிப்பைப் பரிமாறக் கற்றுக்கொண்டது. அதுவும் இல்லாத விருந்தாளிக்கு, இல்லாத தட்டிலிருந்து, இல்லாத சந்தேஷ். டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில், ஏசி போட்ட ஓர் அறையில் இந்தக் கூத்து நடந்தது. தலையில், கண்ணை மறைக்கிற ஒரு வி.ஆர். பெட்டியை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் அறை மறைந்து வேறொரு வீடு வரும். சோபா, பூச்சாடி, ஜன்னலுக்கு வெளியே மலை. கல்கத்தாவில் எந்த ஜன்னலில் மலை தெரிகிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒத்துழைக்காத பேஷன்ட் என்று பெயர் வந்துவிடும்.

பக்கவாதம் வந்த கதை சின்னது. காலையில் காபி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் பேப்பரைப் புரட்டினேன். டம்ளர் கீழே விழுந்தது. கையும் அதோடு விழுந்துவிட்டது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசி எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கோணிய வாய் நேராகியிருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் வாய் திரும்பி வந்ததில் என் கணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன். கால், தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கை மட்டும் வரவில்லை. ஈரத்துணி மாதிரி மடியில் கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இட்லிப் பொடியும் ஆறுதலும் கொண்டுவந்தன. எதிர் ஃப்ளாட் வங்காளி அம்மாள் கமலா ஆரஞ்சு கொண்டுவந்தாள். நல்லவேளை இடது கைதானே, வலது கை தப்பித்ததே, அது போதும் என்றார்கள். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்த்தே ரிட்டயர் ஆனவள். எதிரே இருப்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று மூக்கில் வியர்த்துவிடும். இன்று காலையில் நீங்கள் எந்தக் கையால் கழுவிக்கொண்டு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன், வலது கையால்.

டாக்டரும் அப்படித்தான். வலது கை நன்றாக இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் அதையே பழக்கிக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாவற்றுக்கும் என்றால் எல்லாவற்றுக்குமா? நான் ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவள். டாக்டரும் மீன் முள்ளை விரலால் உருவிச் சாப்பிடுகிற ஜாதிதான். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டால் அந்த மாதிரி விஷயமெல்லாம் ஞாபகத்துக்கு வராதுபோல.

ஆகவே ஆயா சென்டரிலிருந்து மாஷி வந்தாள். மாஷி என்றால் சித்தி, இந்த ஊரில் வேலைக்கு வருகிறவளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பகல் முழுக்க இருப்பாள். தெற்கு லைன் ரயிலில் வெள்ளனவே ஏறி வருகிற, தாட்டியான, நல்ல மனசுக்காரி. நல்ல மனசுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் திட்டியாவது ஆறுதல் அடைந்திருக்கலாம். பாத்ரூமில் என்னைக் கழுவிவிட்டு, சேலையைச் சரிசெய்து, கதவைத் திறந்து, "ஹோயே கேச்சே!" என்று அறிவிப்பாள். ஆகிவிட்டது என்று. யாருக்கு அறிவிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எதிர் ஃப்ளாட்டில் அந்தச் செய்தி கேட்காதவர்கள் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இதைவிட நாசூக்கான சொல் என்னிடம் இல்லை. கிளெய்ம் செக்‌ஷனே நடுங்க ஒரு மேஜையை ஆண்டவள், தினமும் காலையில் இரண்டு வயசுக் குழந்தையாகத் திரும்பி நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மாஷி ஒன்றைச் சொல்லியிருந்தாள். துர்கா பூஜைக்குச் சஷ்டியன்று ஊருக்குப் போவாள், விஜயதசமி தாண்டித்தான் திரும்புவாள். அதில் பேச்சே இல்லை. பூஜைக்கு ஊருக்குப் போகாதே என்று இந்த ஊரில் யாரையும் சொல்ல முடியாது. சென்டரில் கேட்டால் அந்த நாட்களுக்கு அனுப்ப ஒரு ஆளும் இல்லை என்றார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்."

சர்க்கார் ஆபீசராக இருந்தவர். கல்யாணம் ஆன நாளாகத் தன் காபி டம்ளரைத் தானே கழுவியதில்லை. அவர் பாத்துக்கொள்வாராம். நான் சிரித்துவிட்டு ஏதோ குத்தலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறார். இந்த மனிதரோடு எனக்கு எல்லாச் சண்டையும் உண்டு. ஆனால் சண்டை போட ஒரு உயரம் வேண்டும். ஒருவர் கையால் கழுவிக்கொண்டு வெளியே வந்து, அவரையே எப்படி மறுபடி அதட்டுவது? அன்றே முடிவு செய்தேன். பூஜைக்குள் இந்தக் கை தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும்.

பிறகு ஒருநாள் அவர் போனில் ஒரு ஜப்பான் கழிப்பறை இருக்கையைக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் தானே பீய்ச்சும், தானே உலர்த்தும். எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீருக்குக் குழாயில் இறங்குவதற்கே மனசு வராது, அது மேல்நோக்கி வேறு பீய்ச்சுமா? ஈர பாத்ரூமில் கரண்ட் மேல் உட்காரச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். போனை மூடிவைத்தார்.

அப்படித்தான் டாலிகஞ்சில் கைக்குப் பயிற்சி தருகிற அந்த சென்டருக்குப் போனோம். கணவர் டாக்சியில் கூட்டிப்போய், அந்த அறையின் மூலையில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். தெரபிஸ்ட் ஒரு வங்காளிப் பெண், கல்யாணமாகிச் சில வருஷம் இருக்கும், என்னை மாஷிமா என்று கூப்பிடுவாள். முதல் நாள், இந்தக் கையால் என்ன செய்ய ஆசை மாஷிமா என்று கேட்டாள். அவளே யோசனையும் சொன்னாள். தலை வாரிக்கொள்வதா, பூ தொடுப்பதா, ஹார்மோனியமா? நான் கணவரைப் பார்த்தேன், அந்தப் பெண்ணின் கல்யாணச் சங்கு வளையலைப் பார்த்தேன், வீட்டு வேலை என்று மட்டும் சொன்னேன்.

பொய் சொல்லக் கூடாது. என் தோள் முதலில் அசைந்தது அந்தப் பெட்டிக்குள்தான். முதல் விளையாட்டில் கலர் கலராகப் பலூன் வந்து இளிக்கும். கையை உயர்த்தி உடைக்க வேண்டும். நிஜத்தில் கை மடியில்தான் கிடக்கும், உள்ளே அது கொஞ்சம் கூடுதலாக உயர்ந்ததுபோலக் காட்டுவார்கள். ஏமாற்று வேலை என்று தெரிந்தும் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு மஞ்சள் பலூன் மூக்குக்கு நேரே வந்து ஆடியதும் ஓங்கி ஒன்று விட்டேன். தோள் நிஜமாகவே உயர்ந்தது என்று அவள் கத்தினாள். அப்புறம் முழங்கை வந்தது, மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. கோபத்துக்கு இவ்வளவு வைத்திய குணம் உண்டென்றால் நான் எப்போதோ குணமாகியிருக்க வேண்டும்.

அடுத்தது வீட்டு வேலை விளையாட்டு. அதைச் செய்தவர்கள் இந்தியாவுக்கென்றே செய்தார்களாம். குர்தா போட்ட, மீசை நரைத்த ஒரு பெரியவர் வந்து சோபாவில் உட்கார்ந்து கும்பிடுவார். இடது பக்கத் தட்டிலிருந்து சந்தேஷை இடது கையால் எடுத்து அவர் கையில் வைக்க வேண்டும். தட்டு வந்ததும் என் வலது கை தானாகப் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. இல்லை மாஷிமா, இடது கை என்றாள். மறுபடி வலது கை போனது. வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். இடது கை தட்டுவரை போனது, எடுத்தது, பெரியவர் பக்கம் வந்ததும் சுருங்கித் திரும்பிவிட்டது. பின்னே? வயசில் மூத்த மனிதர், முதல் தடவை வீட்டுக்கு வருகிறார், பீச்சாங்கையால் இனிப்பை நீட்டுவதா? சின்ன வயசில் இடது கையால் காசு நீட்டினால்கூட அம்மா மணிக்கட்டிலேயே ஒன்று வைப்பாள். அந்த அடி அப்படியே அங்கே இருக்கிறதுபோல. பெரியவர் என்னவோ சிரித்த முகமாகத்தான் இருந்தார். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

சில நாளில் இயந்திரம் தீர்ப்பு எழுதியது. எனக்கு நெக்லெக்ட். அதாவது புறக்கணிப்பு. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்க உலகமே மறந்துபோகுமாம். தட்டில் பாதிச் சோற்றைத்தான் சாப்பிடுவார்களாம், பாதி முகத்துக்குத்தான் பவுடர் போடுவார்களாம். தெரபிஸ்ட் அதை என் கணவரிடம் தனியாக, கவலையாகச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் பரிசோதனை ஆரம்பமானது. காபியை இடது பக்கம் வைத்துவிட்டுத் தூணோரம் நின்று பார்ப்பார். இடப்பக்கம் வந்து நின்று கையை ஆட்டிவிட்டு, தெரியறதா என்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை. காகிதத்தில் நட்சத்திரம் அச்சடித்து எல்லாவற்றையும் கோடு போட்டு அடிக்கச் சொல்லி ஒரு பரீட்சையும் வைத்தாள் தெரபிஸ்ட். இடமும் வலமுமாக ஒன்று விடாமல் அடித்தேன். காகிதம் நோயில்லை என்றது, பெட்டி நோய் என்றது. பெட்டிதான் விலை ஜாஸ்தி, அதனால் அதையே நம்பினார்கள்.

இதற்குள் எங்கள் தெருவில் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியது. கட்டினார்கள். துணி சுற்றினார்கள். மாஷி, ஊருக்குக் கொண்டுபோகத் தன் பேத்திக்கு ரிப்பன் வாங்கிவிட்டாள். நான் டாலிகஞ்சில் நரைத்த மீசைக்கு முன் கையைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் பொறுமை போயிற்று. பெட்டியைக் கழற்றி மடியில் வைத்தேன். எனக்கு நெக்லெக்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அந்த மனிதருக்கு இந்தக் கையால் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

அதற்கப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு பாஷை இல்லை. என் பெங்காலி, கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும், மின்சார ஆபீசில் சண்டை போடும். இந்த விஷயத்துக்கு அதில் மரியாதையான சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இங்கிலீஷில் சொன்னால் ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கும். எங்கள் பாஷையில் இந்தக் கைக்கு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டேன். பீச்சாங்கை என்று தமிழிலேயே சொன்னேன். மூலையில் பேப்பர் சட்டென்று உயர்ந்து என் கணவரின் முகத்தை மறைத்தது. பிறகு அந்தச் சொல்லைப் பிட்டுப்பிட்டு, எனக்கு வந்த பெங்காலியில் அவளுக்கு விளக்கினேன். முதல் பாதி என்ன, கை என்ன, இரண்டும் சேர்ந்து காலையில் என்ன செய்யும், மாஷி எப்போது ஊருக்குப் போகிறாள், அதற்கப்புறம் யார் தயாராக இருக்கிறார் என்பதுவரை.

அவள் சிரிக்கவில்லை. வலது கையால் ஏன் என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தித் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் சோறும் மீனும் சாப்பிட்ட வாசனை அதில் இருந்திருக்கும். முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாஷிமா என்றாள். முதல் நாளே நீ ஹார்மோனியம் என்றாயே என்றேன்.

அப்போதும் அவளுக்குப் பெட்டிமேல் நம்பிக்கை போகவில்லை. ஆப்பிள் விளையாட்டைப் போட்டு, கூடையை என் இடுப்புக்குப் பின்னால் நகர்த்தி, பின்பக்கம் போடுங்கள் என்றாள். ஆப்பிளோடு கையைப் பின்னால் கொண்டுபோனேன். உலகம் நின்றது. கையைக் காணவில்லை என்று நடுவானத்தில் எழுத்து வந்தது. பெட்டியில் இருக்கிற கேமராவுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியுமாம். பலூன், பழம், மலை, மீசை எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த உலகத்தில் யாருக்கும் பின்பக்கம் கிடையாது.

பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். என் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கி, நான் உட்கார்ந்த ஸ்டூலின் பின் விளிம்பில் பொட்டுகளை ஒட்டினாள். கண்ணால் பார்க்காமல், இடது விரலால் தடவிக் கண்டுபிடித்து உரித்தெடுக்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் வரவில்லை, தோள்தான் கடுத்தது. வீட்டிலும் அதே பயிற்சி. கணவர் பக்தி சிரத்தையாக நாற்காலி நாற்காலியாகப் பொட்டு ஒட்டினார். அவர் சட்டை முதுகில் ஒரு மெரூன் பொட்டோடு லேக் மார்க்கெட் போய்க் காய்கறி வாங்கிவந்தார். அந்தப் பொட்டு எங்கெல்லாம் போய்வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. விரல்தான் கடைசியில் வந்தது. முதல் பொட்டு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அன்று மாஷியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதை வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சஷ்டியன்று புதுச் சேலை கட்டிக்கொண்டு மாஷி கிளம்பினாள். பந்தலில் டாக் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பாத்ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போடவில்லை. வெளியே கணவரின் செருப்பு வந்து நிற்பது கதவுக்கடியில் தெரிந்தது. வலது கையில் தண்ணீர் மக். இடது கை மெதுவாகப் பின்னால் போனது. வழியில் ஒரு இடத்தில் நின்றது. அதைக் கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். திட்டியதும் போனது. தண்ணீர் ஊற்ற ஊற்றத் தன் வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி செய்தது. சோப்புப் போட்டு இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவினேன். கழுவிக்கொண்டே அழுதேன். டாக் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

கதவைத் திறந்தேன். தோளில் துண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். துண்டை மடித்துக்கொண்டே, "நான் செஞ்சிருப்பேன், தெரியுமா?" என்றார்.

"தெரியும். அதான் பயமா இருந்துச்சு."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. காபி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

தசமி முடிந்தால் இந்த ஊரில் பிஜயா. சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், பெரியவர்கள் இனிப்புக் கொடுப்பார்கள், காளி பூஜை வரை ஓயாது. நானும் ஒரு டப்பா சந்தேஷோடு டாலிகஞ்ச் போனேன். நடந்ததைப் போனில் முன்னமே சொல்லியிருந்தேன். தெரபிஸ்ட் என் காலைத் தொட்டாள். டப்பாவைத் திறந்தேன். எனக்குள் கொஞ்சம் குறும்பு இன்னும் பாக்கியிருந்தது. இடது கையால் ஒரு சந்தேஷை எடுத்தேன். உதிராமல் பிடித்தன விரல்கள். நேராக அவளிடம் நீட்டினேன். இதற்காகத்தானே வாரக்கணக்கில் அந்த மீசைக்காரரை என் முன்னால் உட்காரவைத்தாள்.

அவள் முகம் மலர்ந்து கையை நீட்டினாள். பாதி வழியில் என் கை அவள் கண்ணில் பட்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது. முகம் சிவந்துபோயிற்று.

"டான் ஹாதே தின், மாஷிமா," என்றாள். வலது கையால் கொடுங்கள் என்று.

என் இடது கை விழுந்த நாளிலிருந்து எல்லாரும் அதைத் தடவிக் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், நல்ல கை, சமர்த்துக் கை என்று கொஞ்சினார்கள், பெரிய மனிதர்களுக்கு இனிப்பு நீட்ட வைத்தார்கள். செத்த கைக்குத்தான் அந்த மரியாதை எல்லாம். அன்றுதான் ஒருத்தி அதை இடது கையாக நடத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலது கையால் வேறொரு சந்தேஷ் எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் சந்தேஷ் இன்னும் இடது கையிலேயே இருந்தது. அதை டப்பாவில் திரும்ப வைப்பதா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூலையில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து வந்தார். அந்தக் கையிலிருந்தே அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சக்கரை கொஞ்சம் கம்மி என்றார்.